பன்னிரண்டு சொற்களும் ஆறு லாரிகளும்

எட்டாவதோடு நிறுத்திவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்தபோது, பத்தாவது வரை போயே தீருவேன் என்று நின்று அமுதவல்லி ஜெயித்தாள். பத்தாவது முடிந்ததும் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்க அனுப்பினார்கள். மூன்று வருடம் பொறுக்கினாள். அந்தக் கூலியில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, டவுன் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். பொம்பளை வந்தால் வேலை ஓடாது என்று விரட்டிய லாரி பாடி கட்டும் பட்டறைக்குள் அளவு டேப்போடு நுழைந்து, நாலு மாதம் ஒவ்வொரு வண்டியாக அளந்தாள். கம்ப்யூட்டரை விற்றுவிட்டு வரட்டும் என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டாரை, அவர்கள் கொண்டுவந்த மல்லிகைப் பூ வாடுவதற்குள் திருப்பி அனுப்பினாள். தன் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று கேட்டு, ஒன்றரை வருடம் விடாமல் கேட்டு, அதையும் வாங்கினாள்.

இவற்றில் ஒன்றையும் யாரும் அவளுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை. அண்ணன் கைலாசமும் கொடுக்கவில்லை. தாழ்ப்பாள் கூடாது என்று ஒன்றரை வருடம் மறுத்தவனே அவன்தான். தங்கச்சியைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் கைலாசம் அதையும் சேர்த்தே சொல்வான். அதை விட்டுவிட்டால், அவள் யாரையெல்லாம் எதிர்த்து ஜெயித்தாள் என்பது கேட்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

நாமக்கல்லில் பரமத்தி ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் அவர்கள் வீடு. லாரி டிரைவராக இருந்த அப்பா சென்றாயன் காலமான பிறகு வீட்டில் மூன்று பேர்: கைலாசம், அவன் மனைவி மாரியாயி, அமுதவல்லி. கைலாசத்துக்கு நாற்பத்தைந்து வயது, எட்டாவது படிப்பு. லாரி புக்கிங் ஆபீஸில் காகிதங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. ஆர்.சி., எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் என்று ஒரு வண்டியின் காகிதங்கள் அத்தனையும் சரியாக இருந்தால்தான் அன்றைக்கு அவனுக்குச் சோறு இறங்கும். அவன் கை வழியாகப் போன வண்டி காகிதம் இல்லையென்று எந்தச் செக்போஸ்ட்டிலும் நின்றதில்லை.

அமுதவல்லியும் லாரிதான் செய்கிறாள், கம்ப்யூட்டரில். கம்ப்யூட்டரிலேயே லாரி ஓட்டி விளையாடும் விளையாட்டுகள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றில் ஓடுவதற்கு நாமக்கல் லாரிகளைப் பலகை பலகையாகக் கட்டித் தருவாள். முகப்பில் எலுமிச்சம்பழம் கட்டும் கயிறு முதல் சக்கரத்துச் சேறு தெறிக்காமல் பின்னால் தொங்கும் மண் ரப்பர் வரை எல்லாம் இருக்கும். மூன்று வருடமாக அவற்றை விற்றுக் கொடுத்தவன் மோகன்குமார். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். விற்றது அவன் பெயரில். பொம்பளைப் புள்ளை பெயரைப் போட்டால் கண்டவனும் கண்டதை எழுதுவான் என்றான். கைலாசமும் அதையே சொன்னான்: "பேரு கீரெல்லாம் வேண்டாஞ் சாமி. காலங் கெட்டுக் கெடக்குது." அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் அப்போது சண்டை போடவில்லை. மோகன்குமார் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள்.

2024 ஜூலையில் பிரேசில் நாட்டிலிருந்து, அவனிடம் லாரி வாங்கிப் பழகிய ஒரு விளையாட்டு கம்பெனி மோகன்குமாருக்கு எழுதியது. பின்பக்க அச்சுகளின் இடைவெளியைப் பற்றி ஒரு கேள்வி. அவனுக்குப் பதில் தெரியவில்லை, அமுதவல்லிக்கு அனுப்பிவைத்தான். அவள் தன் முகவரியிலிருந்தே நேராகப் பதில் எழுதினாள். அடுத்த வாரம் ஆறு லாரிகளுக்கான வேலை அவளுக்கே வந்தது. முதன்முதலாக, நேராக. ஆறு மாதம் உட்கார்ந்து செய்தாள். தை பிறந்ததும் கம்பெனி எழுதியது: வேலை பிடித்திருக்கிறது, பல நாட்டு ஆட்களுக்கும் டாலர் மதிப்பில் ஓடும் கிரிப்டோ நாணயத்தில்தான் சம்பளம் தருகிறோம், உங்கள் வாலட்டின் முகவரியை அனுப்புங்கள்.

அவளுக்கு வாலட் கிடையாது. மோகன்குமாருக்கு இருந்தது.

"அவனோடதையே குடுத்துரலாமே," என்றான் கைலாசம்.

"குடுக்க மாட்டேனுங்கண்ணா," என்றாள் அமுதவல்லி. "எம்பட ஊட்டுக் கம்ப்யூட்டர்ல எம்பட வாலட்டு."

வாலட்டுகளைப் பற்றி இரண்டு வாரம் படித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நோட்டோடு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள். மாரியாயி இட்லித் தட்டுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்.

"வாலட்டுன்னா பர்சுதானே?" என்றான் கைலாசம்.

"பேருதானுங்க பர்சு. பணம் அதுக்குள்ள இருக்காது. ஊரு ஊருக்கு ஒரே மாதிரி எழுதிவெச்ச ஒரு பெரிய பதிவேடு இருக்குது. அதுல எனக்குன்னு இருக்கறத நகர்த்தறதுக்குச் சாவி வேணும். அந்தச் சாவிய வெச்சுக்கறதுதான் வாலட்டு."

சாவி என்றதும் கைலாசம் நிமிர்ந்து உட்கார்ந்தான். சாவியைப் பற்றி அவனுக்குத் தெரியும்.

"அப்பிடீன்னா எனக்கு ரண்டே கேள்வி. சாவி யாருகிட்ட இருக்கும்? தொலைஞ்சுபோச்சுன்னா இன்னொரு சாவிக்கு வழி என்ன?"

"நானும் அதத்தான் எழுதி வெச்சிருக்கறேன்," என்று அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். "மொதல்ல எக்ஸ்சேஞ்சு. நாணயம் வாங்கி விக்கிற கம்பெனி. அவிங்ககிட்ட கணக்குத் தொறந்தா சாவிய அவிங்களே வெச்சுக்குவாங்க. நாம கேட்டாத்தான் நகர்த்துவாங்க."

"ஃபைனான்ஸ் வண்டி. ஓட்டறது நாம, ஆர்.சி. புக்கு அவன் பீரோவுல. வேண்டாம். அடுத்தது?"

"போன்ல வெச்சுக்கற வாலட்டு."

மாரியாயி திரும்பாமலேயே சொன்னாள். "எம்பட போனு போன மாசம் குருமாச் சட்டிக்குள்ள உழுந்துச்சு. நெனப்பிருக்கட்டும்."

"அது உங்க போனுங் நங்கையா," என்றாள் அமுதவல்லி. அண்ணியை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள்.

"போனுன்னா உழுகத்தான் செய்யும் புள்ள."

அமுதவல்லி சிரித்துக்கொண்டே அதையும் அடித்தாள். மூன்றாவது, இணையப் பக்கங்களைப் பார்க்கும் பிரவுசரிலேயே ஒட்டிக்கொள்கிற வகை. நாளெல்லாம் லாரிப் படம் தேடிக் கண்ட பக்கத்தையும் திறக்கிறவள் நான், அது எனக்கு ஆகாது என்றாள். நாலாவது, பென்டிரைவ் மாதிரிக் கையில் பிடிக்கும் ஒரு கருவி. சாவி அதற்குள்ளேயே கிடக்கும். இருப்பதிலேயே பத்திரமானது அதுதான். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வழியில் யாரும் பிரிக்காமல் வரவேண்டும், அதற்குள் சம்பள நாள் போய்விடும். பிறகு பார்க்கலாம். கடைசியில் நின்றது, வீட்டுக் கம்ப்யூட்டரில் நிறுவிக்கொள்ளும் வாலட். அது எப்படிச் செய்யப்பட்டது என்பதை யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கும்படி திறந்து வைத்திருந்தார்கள். குற்றம் கண்டவர்களும் பகிரங்கமாக எழுதியிருந்தார்கள். கம்ப்யூட்டர் எரிந்தே போனாலும், நிறுவும்போது அது தருகிற பன்னிரண்டு ஆங்கிலச் சொற்களை வரிசை மாறாமல் வைத்திருந்தால் போதும்; இன்னொரு கம்ப்யூட்டரில் அப்படியே மீட்டுவிடலாம்.

"சாவி நம்மகிட்ட. டூப்ளிகேட்டுக்கும் வழி இருக்குது," என்றான் கைலாசம். "வரி?"

"உண்டுங்கண்ணா. ஆடிட்டரக் கேட்டுட்டேன். கட்டித்தான் ஆகோணும்."

"அப்பச் சரி. நம்ம கம்ப்யூட்டரு சுத்தமா இருக்குதா?"

"நான் வேல செய்யறதா? அது சந்தைக்கட மாதிரிங்க. மோகன்குமாரு போட்டுக் குடுத்த திருட்டுச் சாப்ட்வேரு அதுக்குள்ள எத்தன கெடக்குதோ! அதுல வாலட்டப் போடறதும் நடுரோட்டுல பீரோவ வெக்கறதும் ஒண்ணு."

ஆகவே பரணில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை இறக்கினார்கள், முட்டைக் கூலியில் வாங்கியதை. உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, இலவசமாகக் கிடைக்கிற வேறொரு இயங்குதளத்தை ஏற்றினாள். வாலட்டைத் தவிர அதில் வேறெதுவும் கிடையாது என்று சட்டம் போட்டாள். தேடியதும் முதலில் வந்து நின்ற விளம்பரத்தைத் தொடாமல், செய்தவர்களின் சொந்தப் பக்கத்துக்குப் போய்க் கோப்பை இறக்கினாள். இறங்கிய கோப்பு வழியில் மாறாமல் வந்ததா என்று பார்க்க அறுபத்து நாலு எழுத்தும் எண்ணும் கொண்ட ஒரு வரிசை அந்தப் பக்கத்தில் இருந்தது. கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஒரு வரிசையைக் கணக்கிட்டுக் காட்டியது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டும்.

அந்த வேலையைக் கைலாசம் எடுத்துக்கொண்டான். சேசிஸ் நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் வண்டியே வேறு என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவன் அவன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஸ்கேலை வைத்து, அறுபத்து நாலையும் உரக்கப் படித்தான். அமுதவல்லி ஒவ்வொன்றாக டிக் அடித்தாள். பிறகு ஆளை மாற்றி மறுபடியும் ஒருமுறை. எல்லாம் சரியாக இருந்தது.

பன்னிரண்டு சொற்களும் திரையில் வந்தன. ஒரு தாளில் பென்சிலால் எழுதிக்கொண்டாள். பழக்கமான ஒருத்தியிடமிருந்து சிறு தொகைக்கு நாணயம் வாங்கி உள்ளே போட்டாள். போட்டவுடனே வாலட்டையே அழித்தாள்.

கைலாசம் பதறி எழுந்தான். "ஏஞ் சாமி! என்ன பண்ணிப்போட்டே?"

"லோடு ஏத்தறதுக்கு முன்னாடி பிரேக்கு புடிச்சுப் பாக்க மாட்டீங்களா?"

தாளைப் பார்த்து ஒவ்வொரு சொல்லாகத் தட்டினாள். போன நாணயம் திரும்ப வந்து நின்றது. அதன் பிறகுதான், பிப்ரவரி மூன்றாம் தேதி திங்கட்கிழமை, வாலட்டின் முகவரியைக் கம்பெனிக்கு அனுப்பினாள். வெள்ளிக்கிழமை பணம் வரும் என்று பதில் வந்தது. தாளைப் பீரோவில் வைத்தாள். "யாருக்கும் காட்டிராதீங்க. இத வெச்சிருக்கறவங்கதான் வாலட்டுக்கு மொதலாளி," என்று அண்ணனிடம் சொன்னாள்.

இங்கேதான் கைலாசம் தன் வாழ்க்கையிலேயே பெரிய தப்பைச் செய்தான். செய்யும்போது அவனுக்கு அது தப்பாகவே தெரியவில்லை, கடமையாகத் தெரிந்தது. முக்கியமான காகிதம் என்றால் மூன்று ஜெராக்ஸ், அசலுக்கு லேமினேஷன். லாரித் தொழிலில் எல்லோரும் அப்படித்தான். வியர்வையில் நனைந்து, டீ கொட்டி, கேபினில் சுருண்டு எத்தனை காகிதம் போவதைப் பார்த்திருக்கிறான்! அந்த வீட்டில் ரேஷன் கார்டு முதல் மாரியாயியின் டைலரிங் சான்றிதழ் வரை லேமினேட் ஆகாத காகிதம் ஒன்றுகூடக் கிடையாது. பீரோவில் பென்சில் எழுத்தோடு அந்தத் தாள் மட்டும் அம்மணமாகக் கிடந்தது. பென்சில் அழிந்தால்? செல்லரித்தால்? புதன்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வந்தவன் அதை எடுத்துக்கொண்டு போனான்.

யாருக்கும் காட்டாதீர்கள் என்றது அவன் நினைவில் இருந்தது. ஜெராக்ஸ் கடையில் பின்னால் நின்ற இருவருக்கும் தெரியாதபடி துண்டால் மறைத்துப் பிடித்துக்கொண்டான். ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கியிருந்தது. கடைப்பெண் தன் போனில் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் கடைக் கம்ப்யூட்டருக்கு அனுப்பி, அங்கிருந்து மூன்று பிரதி எடுத்துக் கொடுத்தாள். லேமினேஷன் சுத்தமாக வந்தது. ஓரங்களைத் தானே கத்தரியால் வெட்டி நேராக்கினான்.

சாயங்காலம் அமுதவல்லியின் மேசையில் கொண்டுபோய் வைத்தபோது அவன் முகத்தில் அப்படியொரு நிறைவு. "இனி மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆகாது."

அவள் பளபளக்கும் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அதனடியில் இருந்த மூன்று பிரதிகளையும் எடுத்து எண்ணினாள்.

"எப்பிடி ஜெராக்ஸ் எடுத்தாங்கண்ணா?"

சொன்னான். சொல்லச் சொல்லவே அவனுக்குக் குரல் இறங்கியது. கடைப்பெண்ணின் போன். வாட்ஸ்அப். நாளெல்லாம் யார் யாரோ வந்து பென்டிரைவ் செருகுகிற கம்ப்யூட்டர். அந்த வாலட்டுக்கு இனி முதலாளி யாராகவும் இருக்கலாம் என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"அந்தப் புள்ள நல்ல புள்ள சாமி. ஒண்ணும் பண்ணாது."

"நல்ல புள்ளதானுங்க. அதும்பட போனு யாரு கைக்கெல்லாம் போகுதுன்னு நமக்குத் தெரியாதுல்ல?" அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் கைலாசத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "பணம் இன்னும் வரல. வண்டி காலியாத்தான் நிக்குது. பூட்ட மாத்திரலாம்."

அரை மணி நேரத்தில் புது வாலட் ஒன்றை உண்டாக்கினாள். புதுச் சொற்கள், புது முகவரி. பழையதில் கிடந்த சோதனை நாணயத்தையும் அதற்கே மாற்றினாள். இந்த முறை பேனாவால் இரண்டு தாள்களில் எழுதினாள். ஒன்றைத் தன்னிடம் வைத்துக்கொண்டாள். மற்றதை உறைக்குள் போட்டு, ஒட்டி, கைலாசத்திடமே நீட்டினாள். அவன் கையை நீட்டவில்லை.

"எனக்கு வேண்டாஞ் சாமி. நான் அதுக்கு லாயக்கில்ல."

"புடிங்கண்ணா. லேமினேஷன் மட்டும் வேண்டாம்."

முகவரி மாறிவிட்டது என்று கம்பெனிக்கு எழுதினாள். வியாழக்கிழமை காலை வந்த பதிலைப் படித்துவிட்டு வெளியே வந்தபோது அவள் முகம் இறுகியிருந்தது. முகவரி மாறிவிட்டது, புதியதற்கு அனுப்புங்கள் என்று எழுதுவது திருடர்கள் வழக்கமாகச் செய்கிற வேலை என்றது கம்பெனி. அதனால் பணத்தை நிறுத்திவைத்திருக்கிறோம். உங்கள் ஊரில் எங்களுக்குத் தெரிந்தவர் என்பதால் மோகன்குமாரிடம் விசாரித்தோம். நீங்கள் அவரிடம் கூலிக்கு வேலை செய்கிறவர், லாரிகள் எல்லாம் அவருடையவை என்கிறார். வெள்ளிக்கிழமை உங்கள் நேரம் மாலை நாலரைக்கு இருவரும் வீடியோவில் வாருங்கள். அப்போதும் தெளிவாகாவிட்டால் பணம் அவருடைய பழைய முகவரிக்கே போகும்.

ஆறு மாத உழைப்பு. அது அவள் கைக்கு வருமா, அவன் கைக்குப் போகுமா என்பது ஒரே நாளில் தெரிந்துவிடும். அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது தன் கத்தரியும் துண்டும்தான் என்று கைலாசம் தலையில் கைவைத்து உட்கார்ந்தான்.

அன்று சாயங்காலமே மோகன்குமார் பைக்கில் வந்து இறங்கினான். கையில் பூந்திப் பொட்டலம்.

"ஏனுங் கைலாசண்ணா, ஒரு பேச்சு எங்கிட்டச் சொல்லக் கூடாதுங்களா? அவிங்க எனக்கு எழுதித்தான் நான் தெரிஞ்சுக்கறேன். என்ற அட்ரஸு மூணு வருசமாப் பழகுன அட்ரஸுங்க. அதையே குடுத்துட்டாக் கேள்வியே வராது. பணம் வந்த ஒரு மணி நேரத்துல உங்க பேங்குல கெடக்கும். நம்ம புள்ளைக்கு நான் செய்யாம யாரு செய்வா?"

"கூலிக்கு வேல செய்யறவள்னு எழுதுனீங்களாமே?" என்றாள் அமுதவல்லி, கதவில் சாய்ந்து நின்றபடி.

"அட, வெளிநாட்டுக்காரனுக்குப் புரியோணுமில்ல? எப்பிடியோ ஒண்ணு எழுதறதுதான். நீ அதயெல்லாம் மனசுல வெச்சுக்காத அமுதா. புதுசா எடுத்திருக்கறயே, அந்தப் பன்னெண்டு வார்த்தை, அதையும் எங்கிட்டக் குடுத்து வெய்யி. கடையில லாக்கர் இருக்குது. ஊட்டுல வெச்சா இப்பிடித்தான் ஊரெல்லாஞ் சிரிக்கும்."

கடைசி வாக்கியம் கைலாசத்தின் நெஞ்சிலேயே வந்து இறங்கியது. ஜெராக்ஸ் கடை விஷயம் அதற்குள் எப்படி இவனுக்கு எட்டியது என்று அவன் கேட்கவில்லை. எட்டிவிட்டது என்பதே போதுமாக இருந்தது. அமுதவல்லியின் பக்கம் திரும்பினான்.

"இந்த ஒருக்கா மட்டும் அவரு அட்ரஸுக்கே வரட்டுமே சாமி. எம்மேலதான் தப்பு. பணம் போயிருச்சுன்னா நான் எப்பிடித் தாங்குவேன்?"

மாரியாயியும் சேர்ந்துகொண்டாள். "கெடைக்கற வழியில கெடைக்கட்டும் புள்ள. ஆறு மாசம் கண்ணு ஒடைய உக்காந்திருக்கறயே."

"ஆறு மாசந்தானுங்களே நங்கையா, போனாப் போகுது," என்றாள் அமுதவல்லி. "மூணு வருசம் இவரு பேருலயே போச்சு. அதுக்கு இந்த ஊட்டுல யாரும் தலையில கைய வெச்சுட்டு உக்காரல." பிறகு மோகன்குமாரைப் பார்த்தாள். "உங்க அட்ரஸுக்கு வந்தா அது உங்க லாரின்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. பணமே வராட்டியும் சரி, அத நான் செய்ய மாட்டேன். நாளைக்கி நாலரைக்கி வாங்க, அங்க பேசிக்கலாம். பூந்தி வேண்டாமுங்க, எங்கண்ணனுக்குச் சக்கரை."

கைலாசத்துக்குச் சர்க்கரை நோயெல்லாம் கிடையாது. அன்றைக்கு அவன் அதைத் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை அவன் ஆபீஸுக்கு அரை நாள் விடுப்பு எழுதினான். இருபது வருடத்தில் எழுதிய ஐந்தாவது விடுப்பு அது. நாலரைக்குத் திரையில் மூன்று சதுரங்கள் தெரிந்தன. ஒன்றில் பிரேசில்காரர், நரைத்த தாடி, அவருக்கு அங்கே காலை நேரம், காபிக் கோப்பையோடு. ஒன்றில் மோகன்குமார், இஸ்திரி போட்ட சட்டையில். ஒன்றில் அமுதவல்லி. கைலாசம் கேமராவில் விழாமல் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மோகன்குமார் சரளமாக ஆங்கிலம் பேசினான். அமுதவல்லிக்கு எழுதுகிற ஆங்கிலம் வரும், பேசுகிற ஆங்கிலம் திக்கும். அதனால் தட்டச்சு செய்தே பதில் சொன்னாள்.

தாடிக்காரர் வளைத்துப் பேசவில்லை. மூன்றாவது லாரியைத் திரையில் கொண்டுவந்து, பின்கதவைப் பெரிதாக்கினார். சங்கிலி மாட்டும் கொக்கி வலப்பக்கம் மேலே இருக்கிறது, இடப்பக்கம் இரண்டு அங்குலம் கீழே இருக்கிறது. ஏன்?

மோகன்குமார் சிரித்தான். அது ஒரு அழகுக்காக, எங்கள் பாணி என்றான்.

அமுதவல்லி எழுதினாள். அது அழகுக்காக அல்ல. நான் அளந்த அசல் வண்டியில் இடக் கொக்கி பிய்ந்துபோயிருந்தது. அது இருந்த இடத்தில் பலகை விரிசல் விட்டிருந்ததால் பட்டறையில் இரண்டு அங்குலம் இறக்கி வெல்டிங் வைத்தார்கள். பழைய கொக்கியின் ஓட்டை இன்னும் இருக்கிறது, பெயின்ட்டுக்குக் கீழே பாருங்கள்.

தாடிக்காரர் பெயின்ட் பூச்சை விலக்கிப் பார்த்தார். ஓட்டை இருந்தது. அவள் அளவு நோட்டைக் கேமராவுக்கு முன்னால் விரித்தாள். தேதி, வண்டி எண், வலம் முப்பத்து மூன்று அங்குலம், இடம் முப்பத்து ஒன்று. அன்றைக்கு டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தவன் கைலாசம். அந்த வெயிலும் பட்டறைக்காரர்களின் கிண்டலும் அவன் மனதில் வந்துபோயின.

இரண்டு கொக்கிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால் பார்க்க நன்றாக இருக்காதா, மாற்ற முடியுமா என்று அவர் இருவரையுமே கேட்டார். மோகன்குமார் உடனே முடியும் என்றான், நாளைக்கு அனுப்புகிறேன் என்றான். அமுதவல்லி அவர் கண் முன்னாலேயே கொக்கியை மேலே நகர்த்தினாள். சங்கிலி நீண்டது, பலகையின் ஆணிகள் வரிசையாக இடம் மாறின, நிழல்கூட நகர்ந்தது. நாலு நிமிடம். பிறகு எல்லாவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு எழுதினாள்: முடியும். ஆனால் மாற்ற மாட்டேன். அந்த வண்டி அப்படித்தான் இருக்கிறது.

தாடிக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். மோகன்குமாரின் சதுரம் எப்போது இருண்டது என்று யாரும் கவனிக்கவில்லை.

முதலில் புது முகவரிக்கு ஒரு டாலரை அனுப்பினார். ஐந்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பழைய கம்ப்யூட்டரில் அது வந்து நின்றது. வந்துவிட்டது என்று அவள் எழுதியதும் மீதி முழுவதும் வந்தது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த மாரியாயி, "இவ்வளவுதானா? ஒரு சத்தங்கூட வரலியே!" என்றாள்.

இன்னொன்று பாக்கி இருக்கிறது என்றார் தாடிக்காரர். விளையாட்டு வெளியாகும்போது இந்த லாரிகளைச் செய்தது யார் என்று லாரியிலேயே தெரியவேண்டும். உங்கள் ஊரில் அதை எங்கே போடுவார்கள்?

பின்கதவின் இடது கீழ் மூலையில் என்று அமுதவல்லி எழுதினாள். பெயின்டர் வண்டியை முடித்ததும் சின்னத் தூரிகையால் ஊரும் தேதியும் சேர்த்துத் தன் பெயரை எழுதுகிற இடம் அது. அவள் இதுவரை செய்த லாரிகளில் அந்த மூலையில் மோகன்குமார் தன் பெயரைப் போட்டு விற்றிருந்தான். இந்த ஆறிலும் அது காலியாக இருந்தது.

கைலாசம் ஸ்டூலை விட்டு எழுந்தான். மூன்று வருடத்துக்கு முன் தான் சொன்னதை இப்போது தானே மாற்றிச் சொல்லவேண்டும் என்று அவனுக்குப் பட்டது. "முழுப் பேரையும் போடு சாமி. அப்பா இனிசியலோட. யாரு என்ன எழுதுனாலும் எழுதிட்டுப் போகட்டும்."

"நீங்க சொல்லோணும்னு காத்துட்டிருப்பன்னு நெனச்சீங்களாக்கும்?" என்றாள் அமுதவல்லி, திரும்பிப் பார்க்காமல். "பாதி எழுதிட்டேன்."

கைலாசம் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான். மஞ்சள் பெயின்ட்டில், கறுப்புக் கரை கட்டிய எழுத்தில், அவள் எழுதி முடித்திருந்தது ஒவ்வொரு எழுத்தாகச் சரியாக இருந்தது:

செ. அமுதவல்லி, நாமக்கல், 7.2.2025.